இடுப்புச் சாவி

எங்கள் கட்டட வேலைத்தளத்தில் ஏணியில் கால் வைக்குமுன், கிரேன் ஓட்டும் அக்கா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பெல்ட்டைச் சரிபார்ப்பதாகப் புதியவர்கள் நினைப்பார்கள். அவர் தேடுவது கழிவறைச் சாவியை. என் ஸ்டோர் பலகையில் தொங்க வேண்டிய சாவி அது. ஒரு வருடமாக அவர் இடுப்பில் குடியிருந்தது. மற்ற பெண்களை மாற்றுச் சாவியை வைத்துச் சமாளித்தேன்.

நூற்றெண்பது படி ஏறினால் அவருடைய கண்ணாடிக் கூண்டு. இரண்டு டன் கம்பிக் கட்டை இறக்கும்போது அதனிடமே பேசுவார். ரேடியோவில் எல்லோருக்கும் கேட்கும். "மெல்ல வாடா ராசா, அவசரமில்ல."

ஆனால் பத்து மணி ஆனால் போதும், வயிறு கடமுடவென்று உருள, அத்தனை படியும் இறங்கி ஓடுவார். கீழே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "உயரம்னா பயம், அதான் வயித்தக் கலக்குது. இந்த மாசம் பாப்பேன், அப்புறம் வேற ஆளு" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி வாய்க்குப் பூட்டு போட என்னிடம் சாவி இல்லை. அக்கா ஸ்டோருக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார். "எனக்கே சந்தேகமா இருக்கு தம்பி. நெஜமாவே பயந்துட்டேனோ?" டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

வயிற்றுப்புண் என்று அவரே முடிவுகட்டி, காரம், புளி, காபி எல்லாவற்றையும் விட்டிருந்தார். பாலை மட்டும் கூட்டினார். வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து காய்ச்சி, ஃபிளாஸ்க் நிறைய ஊற்றித் தருவார். "புண்ணு ஆறும்னு ஆசையா குடுக்கறாரு, எப்படி வேணாங்கறது?"

டாக்டர் மருந்து எழுதவில்லை. அக்காவை எழுதச் சொன்னார். வேலைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். எட்டரை, பால். பத்து, இறங்கினேன். ஒரே ஒரு நாள் ஃபிளாஸ்க்கை வீட்டிலேயே மறந்துவிட்டார். அன்று இறங்கவே இல்லை.

டாக்டர் பாலைச் சுற்றி வட்டம் போட்டார். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் சுரப்பு, வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுமாம். செரிக்காதது குடலில் புளித்துப் பொங்குமாம். பயமும் இல்லை, புண்ணும் இல்லை. முன்பு காபியில் இருந்ததும் பால்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

"ஒரு வருஷமா என் கையாலயே ஊத்திக் குடுத்திருக்கேனே" என்று வீட்டுக்காரர் இடிந்துபோனாராம். இப்போது அதே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வருகிறது. தயிரையும் மோரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு முரண்டு பிடிக்கவில்லை. "பிள்ளைங்க ரெண்டும் ஒத்துப்போகுது தம்பி, தாய்தான் மொறைக்கறா."

பாலை நிறுத்திய மூன்றாவது வாரம். பத்து மணிக்கு மேஸ்திரி பழக்கதோஷத்தில் ஏணியைப் பார்த்தார். ரேடியோ கரகரத்தது. "மேஸ்திரி, அடுத்த கம்பிக் கட்ட மாட்டுங்க." அவர் மறுபேச்சில்லாமல் மாட்டினார்.

சற்று நேரத்தில், சாப்பாட்டுப் பையை மேலே இழுக்கிற கயிறு என் ஸ்டோர் வாசலில் இறங்கி வந்தது. நுனியில் சாவி. நான் கையை நீட்டினேன். ரேடியோவில் அக்கா குரல் வந்தது.

"மெல்ல வாடா ராசா, அவசரமில்ல."