பைனல் வரை திருத்த வேண்டாம்

டீவி திருத்துகிறவனுக்கு ஒரு வீட்டின் கதை பாதி தெரிந்துவிடும். மீதி தெரியாத மாதிரி இருக்கப் பழகிக்கொள்வான். என்னைப் போல வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இது விளங்கும்.

நோயில்லாத டீவி

யுத்த காலம், உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்கிய வாரம். கொட்டாஞ்சேனையில் என் கடைக்கு முகத்துவாரத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் த்ரீவீலில் டீவி கொண்டுவந்தாள். செக்பொயின்டில் ஆமிக்காரன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துத்தான் விட்டானாம். போட்டுப் பார்த்தேன், படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"தங்கச்சி, இதில ஒரு பிழையும் இல்லையே" என்றேன். அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"மெட்ச் தோத்தா என் புருஷன் கோவத்துல அடிக்கிறாரு, வென்டா குடிச்சிட்டு அடிக்கிறாரு. டீவி இல்லாட்டி கூட்டாளி வீட்டுக்குப் போயிருவாரு. பைனல் முடியிற வரைக்கும் திருத்தாதீங்க அண்ணன்."

சிங்கப்பூர் சாமான்

நாலாம் நாள் ஸ்டெல்லாவின் புருஷன் வந்து நின்றார். உள்ளே ஒரு சாமான் போய்விட்டது, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்று அளந்துவிட்டேன். பொய் சொல்லத் தெரியாதவன் ஆளைப் பார்த்தாவது சொல்லவேண்டும்.

"நான் ஹாபர்லதான் வேல. கப்பல் பேரச் சொல்லுங்க, நானே கேட்டுப் பாக்குறேன்."

துண்டுப் பேப்பர்

ஏஜென்டுக்குத்தான் பெயர் தெரியும் என்று அவரை அனுப்பிவிட்டேன். அரையிறுதிக்குள் ஸ்டெல்லாவைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் நல்ல டீவிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஒரு டீச்சர், பெண்கள் சங்கத்துக்காரி, துண்டுப் பேப்பர் கொடுக்க வந்தார். 'மெட்ச் நாட்களில் கணவர் அடித்தால் எங்களிடம் வாருங்கள்' என்று அச்சடித்து, கீழே விலாசமும் போட்டிருந்தது. டீவியை விசாரிக்க வந்திருந்த ஸ்டெல்லா அதை இரண்டு தரம் வாசித்தாள். அவள் சொன்னதைக் கேட்ட டீச்சர், என் பேனையை வாங்கி அங்கேயே இருந்து ஒவ்வொரு தாளிலும் முதல் இரண்டு சொற்களை வெட்டினார்.

"மெட்ச் நாள்னு போட்டா, மத்த நாள்ல அடிக்கலாம்னு நெனைச்சிக்குவாங்க மிஸ்."

பைனலுக்கு அடுத்த நாள்

பைனலில் நாங்கள் வென்றோம். வெடிச் சத்தத்தைக் குண்டென்று நினைத்து நான் மேசைக்கடியில் புகுந்தது தனிக்கதை. கூட்டாளி வீட்டில் மெட்ச் பார்த்துவிட்டு வந்தும் புருஷன் அடித்திருக்கிறார். அடுத்த நாள் ஸ்டெல்லா பிள்ளையோடும் ஒரு பையோடும் வந்தாள். காலையிலேயே டீச்சரிடம் போய், அவரோடு பொலிசுக்கும் போய், சிங்களத்தில் முறைப்பாட்டு என்ட்ரி போட்டுவிட்டு வந்திருந்தாள். தமிழர் நாங்கள் பொலிஸ் நிலையத்தைக் கண்டால் எதிர்ப்பக்கத்தால் நடந்த காலம் அது. எனக்கு அவளைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

மட்டக்குளியில் அக்கா வீட்டுக்கு டீவியை அனுப்பச் சொன்னாள். அனுப்பமுதல் போட்டுக் காட்டினேன். பழைய ஆட்டம் ஒன்று ஓடியது. சனம் கத்திய கத்தலில் அவள் தோள் ஒடுங்கியது. சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினேன்.

"குறைக்காதீங்க அண்ணன். எனக்கும் கிரிக்கெட் புடிக்கும்."

இருபது வருஷம் திருத்தியும் கிடைக்காத நல்ல பெயர், திருத்தாமல் வைத்திருந்த அஞ்சு டீவிகளால் எனக்குக் கிடைத்தது.