ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் பேயை நம்புகிற ஆள் இல்லை, அளக்கிற டேப்பை நம்புகிற ஆள். அந்த டேப் என்ன காட்டியதோ அதை அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. காடு மேடு ஏறுவதற்காக நானே மூன்று அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டியது. பாறையில் ஆடு மாதிரி ஏறும். நெடுஞ்சாலையில்தான் வில்லங்கம். மணிக்கு எண்பத்தெட்டு கிலோமீட்டர் வரை சமர்த்து. எண்பத்தொன்பதில் ஆரம்பிக்கும்... த்த்டடடட... சீட், தரை, என் கடைவாய்ப் பல் வரைக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வண்டியில்தான் அக்காவையும் அவளுடைய நான்கு மாதக் குழந்தையையும் கூட்டி வரப் போக வேண்டும். இருநூற்று எழுபது கிலோமீட்டர். அம்மா போனபின் இரண்டு வருடமாக வீட்டில் நான் ஒருவன்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர். இனிமேல் அக்கா இங்கேயே இருக்கப் போகிறாள். தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டிவிட்டேன்.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"டயர் பேலன்ஸ் பண்ணியாச்சா?"

"ரெண்டு தடவை பண்ணியாச்சுண்ணே."

"அப்ப இன்ஜின்லேருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டோட கோணம் மாறியிருக்கும். வண்டியத் தூக்கிட்டேல்ல. பின் சீட்ல ஒரு ஆளை உக்கார வச்சு ஓட்டிப் பாரு. அந்தப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும். ஆட்டம் நின்னா ஷாஃப்ட்தான். விடியக்காலை அஞ்சுக்கு வா, அரை மணி நேர வேலை."

"ஆளுக்கு எங்கண்ணே போவேன்?"

"ஏன், ஊர்ல ஒருத்தன்கூட உன்கூடப் பேசுறதில்லையா?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். வேலை, கல்யாணம் என்று எல்லோரும் வேறு வேறு ஊரில். கூப்பிட ஒரு பெயர் இல்லை.

மாலை 6.40. தனியாகவே புறவழிச்சாலைக்குப் போனேன். பாலம் தாண்டி நிறுத்தி, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்தேன். இடது பக்கம் பதினான்கு சென்டிமீட்டர். வலது பக்கமும் பதினான்கு. இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எரிச்சலில் இடது பக்கப் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன்.

"யாராச்சும் வந்து உக்காருங்கப்பா. ரெண்டு கிலோமீட்டர்தான்."

காற்றுகூட இல்லை. கதவைச் சாத்தினேன்.

6.52. எண்பது... எண்பத்தைந்து... எண்பத்தொன்பது.

ஆட்டம் இல்லை.

தொண்ணூற்றைந்து. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. "அப்பாடா!" என்று கத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் எதையும் சரி செய்யவில்லையே.

ஹெட்லைட் வெளிச்சம் வழக்கத்தைவிட மேலே விழுந்தது. பின்னால் பாரம் இருந்தால் அப்படித்தான் விழும்.

6.58. நிறுத்தினேன். டேப்பை எடுத்தேன்.

வலது... பதினான்கு.

இடது... பன்னிரண்டரை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின் சீட் காலி.

மறுபடி குனிந்து டேப்பை வைத்தேன். ஸ்பிரிங் முனகியது. க்ரீ...ச். என் கண் முன்னால் இடைவெளி விரிந்தது. பதிமூன்று... பதினான்கு.

இறங்கிவிட்டதா? இல்லை, நகர்ந்து உட்கார்ந்ததா?

வலது பக்கம் போய் அளக்கத் தைரியம் வரவில்லை. ஓடிப்போய் ஏறினேன். தெரிந்துகொள்ள ஒரே வழிதான். எண்பத்தொன்பதைத் தாண்ட வேண்டும். ஆடினால் நான் தனியாள்.

எழுபது. எண்பது.

"ஆடு... ஆடித் தொலை..."

தொண்ணூறு.

ஆடவில்லை.

வலது பக்கம் என்றால்... என் முதுகுக்கு நேர் பின்னால்.

நான் திரும்பவில்லை.

7.31க்கு வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு பஸ்ல வந்துடுக்கா."

"கைக்குழந்தையோடயா? அறிவிருக்காடா உனக்கு?"

"என்னை என்ன வேணா திட்டிக்கோ. இந்த வண்டி வேணாம்."

திட்டிக்கொண்டேதான் வந்தாள். வந்து சேர்ந்தாள்.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பாலம் தாண்டியா?"

"ஆமாண்ணே."

"போன வருஷம் ஒருத்தர் வந்தாரு தம்பி. இதே மாதிரி தூக்கின வண்டி. இதே ஆட்டம். அவரும் அங்கதான் தனியா ஓட்டிப் பார்த்தாரு. தானா நின்னுடுச்சுன்னு சந்தோஷமா போன் பண்ணாரு. மறுநாள் பொண்டாட்டி புள்ளையோட கிளம்பினாரு..."

பழந்துணியில் கையைத் துடைத்தார்.

"பொழைச்சது அந்தச் சின்னப் பொண்ணு மட்டும்தான். ஆம்புலன்ஸ்ல ஏற மாட்டேன்னு ஒரே அழுகையாம். 'என் பக்கத்துல உக்காந்திருந்த மாமாவை ஏன் இன்னும் எடுக்கலை'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்."

பின் சீட்டில் அந்தக் குழந்தை தனியாகத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறது.