பவுடர் பூசிக்கொண்டு மார்பு ஸ்கேனுக்குப் போனேன்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது மார்புக் காம்பிலிருந்து ரத்தம் கசிந்து ஜாக்கெட்டில் பொட்டுப் பொட்டாகப் பட்டதை, லைனிங் துணியின் சாயம் என்று நினைத்து இரண்டு மாதம் தையல்காரரைத் திட்டினேன். பாவம் மனுஷன். வெள்ளை ஜாக்கெட்டிலும் பட்ட பிறகுதான், போன மார்கழியில், நாத்தனார் செல்வியோடு கிளம்பினேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து சாரத்து ஆஸ்பத்திரிக்கு டெம்போவில் தலைக்குப் பதினைந்து ரூபாய், இருபது நிமிடம். எட்டரைக்குள் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும்.

டாக்டரம்மா அருவருப்புப் படக்கூடாதே என்று, வீட்டிலேயே கசிவைப் பிழிந்து துடைத்து, குளித்து, அக்குள் வரை பவுடர் அப்பிக்கொண்டு போயிருந்தேன்.

"என்னாம்மா, சொட்டுகூட வரல?"

"நான்தான் பிழிஞ்சி வுட்டுட்டு வந்தேன் டாக்டர்."

"எந்தத் துவாரத்துலேர்ந்து வருதுன்னு நான் பாக்க வேணாமா?"

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சிட்டாங்க எங்க அண்ணி," என்றாள் செல்வி.

மம்மோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்குகிறார்கள். வலிக்கும், கொஞ்ச நேரம்தான். என் படத்தில் வெள்ளைப் புள்ளிகள். பார்த்தால் பவுடர். கழுவிவிட்டு மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஒன்றுமில்லை. நான் பையைத் தூக்கிவிட்டேன்.

"ஒக்காரும்மா. படம் சுத்தமா இருந்தாலும் ரத்தம் வந்துச்சே," என்றார் டாக்டரம்மா.

அடுத்தது அல்ட்ராசவுண்டு. ஜில்லென்று ஜெல்லி தடவிய பெண், தன் மாமியார் வைக்கும் மீன்குழம்பைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தார். காம்புக்குப் பின்னால் கருவி வந்ததும் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பால்குழாய்க்குள் பட்டாணி அளவில் ஏதோ இருந்தது. பிறகு எம்ஆர்ஐ. பிறகு ஊசி போட்டுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே டெம்போ, அதே நாற்காலி. புற்றுநோய்தான். குழாயைத் தாண்டியதாகத் தெரியவில்லை, ஆனால் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிழியாதீர்கள். பவுடர் வேண்டாம். கறைபட்ட துணியைத் துவைக்காமல் எடுத்துப்போங்கள். மம்மோகிராம் நன்றாக இருக்கிறது என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். நான் வந்திருப்பேன்.

முடிவு கேட்டுத் திரும்பிய அன்றைக்கு முத்தியால்பேட்டை நிறுத்தம் போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. டெம்போக்காரர் எங்களைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு எதிரே இறக்கிவிட்டு, தலைக்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்டார். கொடுத்தோம்.