ஈரமும் சாக்கும் போக என் எடை

நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் மிதவைப் பலகை ஒன்று வாங்க வேண்டும் என்று நாற்பத்தைந்து வயதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. லேசான பைத்தியம் இல்லை. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே கரும்பலகை ஆடி அசைந்து மிதப்பது போலத் தெரியும்.

கல்யாணமாகித் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எங்கள் கொல்லைக்குப் பின்னால் குடமுருட்டி ஆறு ஓடுகிறது. வீட்டு ஆண்கள் குதித்து, மூழ்கி, அக்கரை போய்த் திரும்புவார்கள். நான் படித்துறையில் அவர்களுடைய துண்டுகளையும் சோப்புப் பெட்டியையும் காவல் காப்பேன். போன வருஷம்தான் நானும் என் ஓரகத்தியும், அதாவது என் கொழுந்தனாரின் மனைவியும், தஞ்சாவூரில் நீச்சல் குளத்தில் சேர்ந்து நீந்தக் கற்றுக்கொண்டோம். அதோடு ஆசை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஒரே ஒரு தடவையாவது அந்த ஆற்றின் மேல் நான் எழுந்து நிற்க வேண்டும். கரையிலிருந்து பார்த்தது போதும் என்று இருந்தது.

எந்தப் பலகை என்று தேர்ந்தெடுப்பதற்குள் வீடு இரண்டுபட்டது. நானும் ஓரகத்தியும் அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு செல்போனில் வீடியோ பார்த்தோம். கெட்டிப் பலகையா, காற்றடிக்கும் பலகையா? காற்றடிப்பதுதான், சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம். குறுகலான நீளப் பலகை மேல் எனக்கு ஒரு கண். ஓரகத்தி விடவில்லை.

"அக்கா, நமக்கு எதுக்கு வேகம்? அகலமானதா வாங்குவோம். விழாம நின்னா போதாதா?"

அவள் சொன்னதுதான் நியாயம். புதிதாகக் கற்பவர்களுக்கு அகலமும் கனமும் வேண்டும் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அகலமாக, ஒரு சாண் கனத்தில், கிளிப்பச்சை நிறத்தில் ஒன்றை முடிவு செய்தோம். ஏறி நிற்பவரின் எடையைச் சொன்னால் அதற்குத் தக்க கனத்தில் அனுப்புவதாகச் சென்னைக் கடைக்காரர் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் கிடையாது. நெல் மூட்டை எடை போடும் தராசுதான் உண்டு. ஆற்றில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்தவள், அந்த வேகத்திலேயே அதில் ஏறி நின்றேன். என் கணவர் எண்ணைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, நீங்களே போனில் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வருஷம் அணையில் தண்ணீர் குறைவு. ஆற்றில் முறை வைத்துத்தான் விட்டார்கள். சில நாள் ஓடும், பிறகு அடைத்துவிடுவார்கள், மணல்தான் மிஞ்சும். மறுநாள் சாயங்காலம் அடைக்கப்போகிறார்கள் என்ற நிலையில் பலகை வந்து இறங்கியது.

என் கணவரும் கொழுந்தனாரும் மாற்றி மாற்றிக் காற்றடித்தார்கள். பலகை எழுந்தது. ஆனால் ஒரு சாண் கனம் எங்கே? நாலு விரல்கூடத் தேறவில்லை. கிளிப்பச்சையும் இல்லை, புதுத்தண்ணீர் மாதிரி செம்பழுப்பு. கடைக்காரரைக் கூப்பிட்டேன். சார் எழுபத்தைந்து கிலோ என்றார், அந்த எடைக்கு இதுதான் மேடம், இதில் இந்த ஒரு கலர்தான், சார் சரி என்றுவிட்டார் என்றார் அவர்.

நான் கணவரைப் பார்த்தேன். தராசில் எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். எண்பத்திரண்டு என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஈரத்தோட நின்ன. சேலை வேற. சாக்கையும் ஈரத்தையும் கழிக்காம யாராவது எடை சொல்லுவாங்களா?"

வருஷா வருஷம் நெல் போட்டுப் பழகிய வாய். வியாபாரி கழிப்பதற்கு முன் தானே கழித்துச் சொல்லிவிட்டது. பதருக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டேன். பதர் கழிக்கவில்லையாம். அந்த மட்டும் மரியாதை. ஓரகத்தி சிரித்த சிரிப்பில் பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட வாயைத் திறந்த எனக்கும் சிரிப்புதான் வந்தது.

மாற்றித் தருகிறோம், ஒரு வாரம் ஆகும் என்றது கடை. ஒரு வாரத்தில் ஆறு இருக்காது. அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. கனம் இல்லாவிட்டால் போகிறது, நாளைக் காலை இதிலேயே ஏறுகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

காலையில் சுடிதார் மேல் மிதவை ஜாக்கெட், கணுக்காலில் பலகையோடு சேர்த்த கயிறு. ஓரகத்தி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். படித்துறையில் என் துண்டையும் சோப்புப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சிக்கே ஒரு பலகை வாங்கலாம்.

முதல் தடவை முட்டி போட்டேன், கவிழ்ந்தேன். அடுத்த தடவை பாதி எழுந்து, மூக்கு நிறையத் தண்ணீர் குடித்தேன். அதற்கு அடுத்த தடவை ஓரகத்தி, "கீழ பாக்காதீங்கக்கா, அக்கரையப் பாருங்க" என்றாள். அக்கரையைப் பார்த்தேன். எழுந்தேன். நின்றேன்.

என் கனத்தில் பலகை நடுவில் தொட்டில் துணி மாதிரி தொய்ந்தது. தண்ணீர் பாதத்துக்கு மேல் ஏறி ஓடியது. ஆனால் கவிழவில்லை. துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மெல்ல நகர்ந்தேன்.

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். செம்பழுப்புத் தண்ணீரில் செம்பழுப்புப் பலகை முழுகிக் கிடக்க, அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? கையில் கோலோடு ஒரு பெண், வெறும் தண்ணீரின் மேல் நின்றபடி வருகிறாள். துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். நான் அருள்பாலிக்கக் கையைத் தூக்கினேன். விழுந்தேன்.

சாயங்காலம் தண்ணீரை அடைத்தார்கள். கனமான பலகையை அனுப்பட்டுமா, சரியான எடையைச் சொல்லுங்கள் என்று கடையிலிருந்து போன் வந்தது. என் கணவர் போனைப் பொத்திக்கொண்டு, இந்தத் தடவை கழிக்காமல் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க. அந்த எழுபத்தஞ்சே இருக்கட்டும்" என்றேன்.