மாலை போட்டிருந்த இருபது குதிரைத்திறன்

நேற்று எங்கள் விருதுநகர் வீட்டுக்கு ஏ.சி. மாட்ட வந்த மெக்கானிக், அறையின் நீள அகலத்தைக் கைபேசியில் தட்டிவிட்டு, "ஒன்றரை டன் போதும் சார்" என்றார். "அஞ்சேகால் கிலோவாட்" என்றேன், அவர் கேட்காமலே. இந்த வியாதி எனக்குச் சிவகாசியில் பிடித்தது.

அப்போது நான் ஏ.சி. கம்பெனியில் புது இன்ஜினியர். காலண்டர் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டிருந்தார். காகிதம் ஈரம் குடித்து நீண்டால் கலர் விலகிவிடும். அச்சுக்கூடம் குளுகுளுவென்று இருக்க வேண்டும். நான் போனது ஆயுத பூஜையன்று. இன்றைக்கும் சுண்டல் வாசம் வந்தால் எனக்குக் கூடவே அச்சு மை வாசமும் வரும். கூரை, ஜன்னல், வேலை செய்யும் ஆறு பேர் எல்லாம் கணக்கிட்டு, "மூணு டன்" என்றேன் கெத்தாக. நடுவில் இருந்த இருபது குதிரைத்திறன் மெஷினை மட்டும் விட்டுவிட்டேன். சந்தனம், குங்குமம், மாலை என்று சாமியாக நிற்பதற்கு யாராவது சூட்டுக் கணக்குப் போடுவார்களா? நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஏ.சி. மாட்டி, மெஷின் ஓடத் தொடங்கிய இரண்டாம் நாளே போன் வந்தது. "தம்பி, கொஞ்சம் இங்கன வாங்க."

உள்ளே அடுப்படி போலக் கொதித்தது. தாளில் முருகனுக்கு இரண்டு அடுக்குப் புருவம். "சீசன்ல லோடு ஏறலைன்னா பார்ட்டி அடுத்த வருசம் எட்டிப் பாக்காது தம்பி" என்றார் அண்ணாச்சி. என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். வீணான தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டேன்: இருபது குதிரைத்திறன் என்றால் பதினைந்து கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியே தள்ளுவது மூன்றரை கிலோவாட் சூடு. மெஷினுக்கு மட்டுமே நாலு டன்னுக்கு மேல் வேண்டும்!

"கணக்குப் போட வந்தீகளா, சாமி கும்பிட வந்தீகளா?" என்று அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் கண்முன்னாலேயே எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டார். "ஒங்க இன்ஜினியர் மேல தப்பில்ல. மெஷின் எம்புட்டு பெருசுன்னு கேட்டாரு, நாங்கதான் மாத்திச் சொல்லிட்டோம். இன்னும் அஞ்சு டன் உடனே அனுப்புங்க."

சுத்தப் பொய். நான் எதையுமே கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சமாளித்தேன். லோடு நாள் தவறாமல் ஏறியது.

அதன்பிறகு வருடா வருடம் அவரிடமிருந்து காலண்டர் வரும். உறையில் 'மூணு டன் தம்பிக்கு' என்று எழுதியிருக்கும். போன ஐப்பசியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் காலண்டர் வரவில்லை.

"சார், ஏ.சி. வர்ற இடத்துல ஒரு ஆணி இருக்கு. சும்மாதான இருக்கு, புடுங்கிரவா?" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம்" என்றேன். "ஏ.சி.யைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க."