ஜெபவீட்டு அடுப்பும் பரலோகக் கூலியும்

மலைகளுக்கிடையே நுழைந்த கடல்தான் எங்கள் ஃபியர்டு; அதன் அக்கரை ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் அடுப்பு மூட்டுவது ஒரு தேவதூதன் என்று ஊரில் பேச்சு. குளிர்காலத்தில் முதல் ஆள் கதவைத் திறக்கும்போதே உள்ளே கதகதப்பாக இருக்கும்; ஆள் யாரென்று தெரியாது. கொஞ்சம் துருவிப் பார்த்தால், அந்தத் தேவதூதனுக்கு முதுகுவலி உண்டு, மீன் தொழிற்சாலையில் வேலை உண்டு, பெயர் ஒலாவா என்பது தெரியவரும்.

ஒலாவாவுக்குப் பாட்டு வராது. மிஷனுக்காக அவள் பின்னிய கையுறைகளில் கட்டைவிரல் எப்போதும் தவறான பக்கம் நிற்கும். ஆண்டவருக்கென்று அவளிடம் இருந்தது இந்த அடுப்பு ஒன்றுதான். இருட்டோடு வந்து, கொட்டகையிலிருந்த பிர்ச் மர விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய், எதுவும் தெரியாதவள்போலக் கடைசியாக வருவாள். மனுஷர் புகழ்ந்தால் பரலோகத்தில் கிடைக்கவேண்டிய கூலி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது வேதம். எங்கள் ஊரில் இதற்கு அவ்வளவு பயம். வாஃபிள் நன்றாக இருக்கிறதென்றால், சுட்டவள் முகம் வெளிறி, கருகிவிட்டது என்று சாதிப்பாள். ஒலாவா தனக்கான கிரீடத்தை மனதுக்குள் பார்த்தும் வைத்திருந்தாள். பெரியதில்லை. முன்பக்கம் மட்டும் ஒரு கல்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பிரசங்கி இங்வால்ட் புன்னகையோடு எழுந்து, ரகசியம் வெளியாகிவிட்டது என்றார். விடியுமுன் விறகுக் கொட்டகையருகே டோர்லைவை யாரோ பார்த்திருக்கிறார்கள். சகோதரர் டோர்லைவுக்காக ஸ்தோத்திரம்.

படகு கட்டும் டோர்லைவ் மறுக்கவில்லை. தரையைப் பார்த்தான். எங்கள் ஊரில் தரையைப் பார்ப்பது ஒப்புதல் கையெழுத்து.

ஒலாவாவுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. அடுத்தது சாட்சி நேரம். யாரும் எழுந்து பேசலாம். எழுந்துவிட்டாள்.

"இந்த அடுப்ப இத்தன குளிர்காலமா மூட்ட எனக்குப் பெலன் குடுத்த ஆண்டவருக்கு நன்றி. எனக்கு. டோர்லைவுக்கு இல்ல."

யாரோ கடமைக்கு ஆமென் சொன்னார்கள். உட்கார்ந்த பிறகுதான், எதைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. காதுமடல் எரிந்தது. தான் மூட்டிய அடுப்பே தன்னைச் சுடுவதுபோல் இருந்தது.

காபி ஊற்றும்போது பக்கத்து வீட்டு யோருன் குனிந்து கேட்டாள்: "என்ன சகோதரி, கூலி கைக்கு வந்துடுச்சா? சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?"

அதைவிட மோசம், மூலையில் ஆண்கள் டோர்லைவைப் பற்றிப் பேசியது. அடுத்தவள் புண்ணியத்தில் குளிர்காயப் பார்த்தவன் என்றார்கள்.

ஒலாவா வெளியே ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள்.

"நான் இல்லேன்னா, வேற யாருன்னு தேடுவாங்க. உன்கிட்டதான் வந்து நிப்பாங்க. நீ மறைச்சு வெச்சது எனக்குத் தெரியும்."

"கொட்டகைல உனக்கு என்ன வேல?"

அவன் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் கைகளைப் பார்த்தாள். பிர்ச் பட்டையின் வெள்ளைத்தூள் நகக்கண்ணில் இருந்தது. அந்தக் கொட்டகையில் விறகு தீர்ந்து அவள் பார்த்ததே இல்லை. சபை வாங்கிப் போடுகிறதென்று நினைத்திருந்தாள். யாரிடமும் கேட்டதுமில்லை.

"அடுத்த வாரம் எழுந்து சொல்லிடறேன், டோர்லைவ். விறகு யாருதுன்னு."

"உன்னோடதுதான் போச்சு. என்னோடதயும் ஏன் கெடுக்கற?"

சொன்னால் அவன் கூலி போகும். சொல்லாவிட்டால் ஊரில் அவன் பெயர் போகும். ஒலாவா யோசித்து யோசித்து, மறுநாள் அவன் போட்டதற்கு ஈடாக ஒரு பனிச்சறுக்குவண்டி நிறையத் தன் வீட்டு பிர்ச் விறகை அவன் வாசலுக்கு இழுத்துப்போனாள். எந்த விறகு, யாருக்கு, தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றான் டோர்லைவ், கதவையும் சாத்திக்கொண்டான். திரும்ப இழுத்துவர அவளுக்கு வெட்கம். வண்டி இன்னும் அவன் வேலியோரம்தான் நிற்கிறது, மேலே பனி ஏறிக்கொண்டு.