உப்பு வாங்கப் போன அக்கா தங்கை

கல்வராயன் மலைக்குத் தார் ரோடு போட்ட புதிதில், கச்சிராயபாளையத்திலிருந்து பெண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க விடுவார்கள். அங்கே எங்களோடு வேலை செய்த மலைக்காரப் பெண் ஒருத்தி, என்னைவிட மூத்தவள், கிழங்கு பிடுங்கிக்கொண்டே கதை சொல்வாள். நேற்று எங்கே நிறுத்தினேன் என்று முதலில் எங்களைக் கேட்பாள். சரியாகச் சொல்லாவிட்டால் அன்றைக்குக் கதை கிடையாது. அதற்காகவே வார்த்தை பிசகாமல் மனதில் வைத்திருப்போம்.

அவள் அடிக்கடி சொன்னது, உப்பு வாங்கக் கீழே இறங்கிய அக்கா தங்கை கதை. நெல்லி மரத்தடியில் உட்காருகிறார்கள். பிளந்த பாறையில் தண்ணீர் குடிக்கிறார்கள். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. அகலமானது மாடு போகும் வழி, பள்ளத்தில் கொண்டுபோய் விடும். மூங்கிலுக்கு அடியில் குனிந்து போவதுதான் ஊருக்கு வழி. தங்கையால் நடக்க முடியவில்லை. ஆள் கூட்டி வருகிறேன் என்று அக்கா தனியாகப் போகிறாள். திரும்பி வந்தபோது தங்கை உட்கார்ந்த இடத்தில் ஒரு கல் நிற்கிறது.

ஒருநாள் மதியம் லாரி டிரைவர் வந்து, ஊரில் விட்டு வந்த என் மகனுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது என்று சொன்னார். லோடு ஏற்றி லாரி கிளம்பச் சாயங்காலம் ஆகும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடந்தே மலை இறங்கும் குறுக்கு வழியைக் காட்ட, கதை சொல்பவளும் கூடவே கிளம்பினாள்.

கதையில் கேட்ட நெல்லி மரத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. முன்னால் போனவள் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தாள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"நீ போ. புள்ள காத்துக்கினு இருக்கும். நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன். கீழ போயி ஆள அனுப்பு" என்றாள்.

தனியாக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தால் பனியில் அவளைக் காணவில்லை. அந்தக் கல்தான் கண்முன் வந்தது. ஓடிப்போய் அவள் கையைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

பிளந்த பாறைக்கு வந்தபோது திட்டுவதும் நின்றுவிட்டது. தலை என் தோளில் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, எந்த வழி?" என்று உலுக்கினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அகலமான வழிதான் ஊருக்குப் போவதுபோல் இருந்தது. மூங்கில் பக்கம் ஒரே இருட்டு. கதையை முதலிலிருந்து வாய்விட்டுச் சொன்னேன். மூங்கில் என்று வந்ததும் அதற்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டேன். அவளை இழுத்து, உட்கார்ந்து, மறுபடி இழுத்து, ரோட்டைப் பிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்போது வந்து நின்றது எங்கள் கிழங்கு லாரியேதான்.

அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மகனுக்கு ஊசி போட்ட பிறகு காய்ச்சல் இறங்கியது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறவில்லை.

"நீ ஓடியாந்திருந்தா புள்ளைக்கும் முன்னாடியே ஊசி போட்டிருக்கலாம். அந்தம்மாவுக்கும் ஆளு போயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவளை அந்தப் பனியில் விட்டுவிட்டு வந்திருந்தால், என்னால் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.